மறந்துபோன மருந்தும் இருபத்து நான்கு போத்தல்களும்

டாக்டர் ஒரு கண்ணாடிப் போத்தலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்தின் நடுவில் நின்று கத்தினார். என்ன கத்தினார் என்று எங்களுக்குப் புரியவில்லை. பாம்பு வந்துவிட்டது என்று நினைத்த மாரி அக்கா நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். முழங்கால் வலியால் பஸ் படிக்கட்டில் ஏறவே யாராவது கைகொடுக்க வேண்டிய மனுஷி அவர்.

"பச்சை! பச்சை!" என்றார் டாக்டர்.

"பச்சைப் பாம்பா?" என்று நாற்காலி மேலிருந்து கேட்டார் மாரி அக்கா.

பாம்பு இல்லை. போத்தலின் அடியில் கறுப்பாக உறைந்திருந்த அகார்-அகார் ஜெல்லி மேல் ஒரு வெள்ளை உருண்டை. அந்த உருண்டையின் தலையில் நெல்மணி அளவுக்கு ஒரு பச்சைக் கூர் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக நாங்கள் காத்திருந்தது அந்த நெல்மணிக்குத்தான்.

டாக்டர் தட்டில் இருந்த மற்ற போத்தல்களையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இருபத்து நான்கில் ஒன்பதில் பச்சை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். கண்ணைத் துடைத்தார் என்று சொல்வதுதான் சரி. மாரி அக்கா நாற்காலியிலிருந்து இறங்க முடியாமல் அங்கிருந்தே கைதட்டினார்.

நான் மட்டும் கைதட்டவில்லை. தட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து. தட்டு எண் முப்பத்தொன்று.

சீட்டைக் கையால் மறைத்தேன்.

ஊசி போடாத டாக்டர்

எங்கள் டாக்டர் ஊசி போடும் டாக்டர் இல்லை. இதைத் தோட்டத்து ஜனங்களுக்கு விளங்க வைக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. இருமல், சொறி, பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று வாரத்துக்கு இரண்டு பேராவது வாசலில் வந்து நிற்பார்கள். "நான் செடிகளுக்குத்தான் டாக்டர்" என்று அவர் பணிவாகச் சொல்வார். "பரவாயில்லை சார், ஏதாச்சும் குடுங்க" என்பார்கள்.

சுங்கைப்பட்டாணியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த தோட்டம் அது. ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட ஆரம்பித்திருந்த காலம். எங்கள் தோட்டத்தில் ஒரு செம்பனை இருந்தது. மற்ற மரங்கள் இரண்டு குலை தள்ளினால் அது நான்கு தள்ளும். விதை போட்டு வளர்த்தால் பிள்ளை அப்பனைப்போல வரும் என்று நிச்சயமில்லையாம். அந்த மரத்தின் குருத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் போத்தலில் வளர்த்தால் அச்சு அசல் அதே மரம் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் என்று டாக்டர் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருந்தார். அவர்களும் நம்பி, காலியாகக் கிடந்த பழைய துரை பங்களா ஒன்றை ஆய்வுக்கூடமாக்கிக் கொடுத்தார்கள்.

டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த புதிது. முப்பது வயது இருக்கும். அலோர் ஸ்டார்காரர். பாக்கார் ஆராங்கில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். எங்களை 'மிஸ் சரஸ்வதி', 'மிஸ் மாரியம்மா' என்று கூப்பிடுவார். மூன்று பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த மாரி அக்கா ஒவ்வொரு தடவையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

மாரி அக்காவை டாக்டர் தேடிப் பிடித்ததே ஒரு கதை. பால்மரம் சீவுவதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. மரத்துக்குக் காயம் படாமல் பட்டையைக் காகிதம் மாதிரி இழைப்பார். அந்தக் கைதான் குருத்தை நறுக்கச் சரியான கை என்று டாக்டர் தீம்பாருக்கே, பால்மரக் காட்டுக்கே, போய்க் கேட்டு அழைத்து வந்தார். பழைய முழங்காலோடு மேட்டு நிரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அக்காவுக்கு அது பெரிய விடுதலை.

நானும் எட்டு மாதம் பால்மரம் சீவினேன். நான் சீவிய மரங்களைப் பார்த்தால் யாரோ கோபத்தில் வெட்டிய மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் பாஸ் பண்ணியிருந்ததால் தப்பித்தேன். மருந்துகளை நிறுத்து, கலவை காய்ச்சி, போத்தலில் ஊற்றி, சீட்டு எழுதி ஒட்டுவது என் வேலை. வீட்டில் நான் காய்ச்சும் ரசத்தை என் அண்ணன் குடிக்க மாட்டான். ஆனால் கூடத்தில் நான் காய்ச்சியதைச் சாப்பிட்டுத்தான் ஆயிரம் போத்தல்களில் உயிர் வளர்ந்துகொண்டிருந்தது.

மூக்கும் முழியும்

உயிர் வளர்ந்தது. உருவம்தான் வரவில்லை.

இலைத் துணுக்கைக் கலவையில் வைத்து இருட்டறையில் போட்டால், சில மாதங்களில் அதன் ஓரத்தில் கட்டி கட்டியாக ஏதோ கிளம்பும். வேர் இல்லை, தண்டு இல்லை, இலை இல்லை. வெறும் சதைக் கட்டி. வெட்டிப் புதுப் போத்தலில் வைத்தால் இன்னும் பெரிய கட்டியாகும். டாக்டர் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து ஆங்கிலத்தில் நீளமாக எழுதுவார். மாரி அக்கா வெறுங்கண்ணால் பார்த்து, "வடகம்" என்பார். இன்னொன்றைப் பார்த்து, "இது சவ்வரிசி." எனக்கென்னவோ அக்கா சொன்னதுதான் சீக்கிரம் விளங்கும்.

"ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு முழு மரமாக ஆகத் தெரியும், மிஸ் சரஸ்வதி" என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். "அதுக்கு வேர் எப்படி இருக்கணும், இலை எப்படி இருக்கணும், எல்லாம் தெரியும். ஆனா செய்ய மாட்டேங்குது. நாமதான் சரியான மருந்தைச் சரியான அளவில் குடுத்துக் கேட்கணும்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சார்" என்றார் மாரி அக்கா.

அந்த மருந்து ஒரு சின்னப் பழுப்புப் போத்தலில் குளிர்பெட்டிக்குள் இருக்கும். வளர்ச்சி மருந்து என்போம். ஒரு கலயக் கலவைக்கு அதில் கொஞ்சம்தான் போகும். அந்தக் கொஞ்சத்தை டாக்டர் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். கட்டி பெரிதானது, சிறிதானது. செடி ஆகவில்லை.

இதற்கிடையில் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. துரை பங்களாவில் போத்தலுக்குள் பிள்ளை வளர்க்கிறார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. மாரி அக்காவாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஒருநாள் பாலிங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். கையில் வெற்றிலை பாக்கு, ரம்புத்தான் பழம் ஒரு கட்டு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாம். அந்த அம்மாள் வந்த விஷயத்தைச் சொல்லாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் முகம் சிவந்து, "மிஸ் சரஸ்வதி, நீங்க கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

நான் ஒரு போத்தலை எடுத்து வந்து காட்டினேன். இது செம்பனை அக்கா, பிள்ளை இல்லை என்றேன். அந்த அம்மாள் போத்தலை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"பாவம். இதுக்கும் மூக்கு முழி வரலியா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். புருஷனும் சிரித்தார். நான் சுங்கைப்பட்டாணிப் பெரிய ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். போகும்போது ரம்புத்தானை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அன்று அதை நாங்கள் மூன்று பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

தட்டு எண் முப்பத்தொன்று

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு வருஷம் ஆகிவிட்டது, ஒரு செடிகூட வரவில்லை, ஆண்டு முடிவதற்குள் முடிவு தெரியாவிட்டால் கூடத்தை மூடிவிட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். டாக்டர் அதை எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது, கடைசி வரியைச் சொல்லாமல் விட்டார். மாரி அக்கா கேட்டார்: "அப்ப நாங்க?"

"பழையபடி தீம்பாருக்கு" என்றார் டாக்டர், கடிதத்தைப் பார்த்தபடி.

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டார்.

அந்த வாரத்தில் ஒருநாள் நான் கலவை காய்ச்சிக்கொண்டிருந்தேன். சர்க்கரை, உப்புகள், கரித்தூள், இளநீர், அகார்-அகார் எல்லாம் போட்டாயிற்று. கடைசியாக வளர்ச்சி மருந்து. குளிர்பெட்டியிலிருந்து பழுப்புப் போத்தலை எடுத்து மேசையில் வைத்த நேரத்தில், போத்தல்களை வேகவைக்கும் பெரிய பிரஷர் பானையின் மூடி வால்வு பிய்த்துக்கொண்டு கூரைக்குப் பறந்தது. ஆவி சீறியது. நானும் மாரி அக்காவும் ஆளுக்கொரு கதவு வழியாக ஓடினோம். டாக்டர் தைரியமாக உள்ளே நுழைந்து, நுழைந்த வேகத்தில் திரும்பி வந்தார்.

எல்லாம் அடங்கிக் கூரையில் ஒட்டியிருந்த கறுப்பு ஜெல்லியைத் துடைத்து, மாற்று வால்வைப் பொருத்தி, மீதிக் கலவையை ஊற்றி வேகவைத்து முடித்தேன். இருபத்து நான்கு போத்தல். மூடி, சீட்டு ஒட்டி, நிமிர்ந்தேன். மேசையில் பழுப்புப் போத்தல் அப்படியே இருந்தது. மூடிகூடத் திறக்கவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கூடத்தை மூடப்போகிறார்கள் என்று எல்லோரும் பயந்துகொண்டிருக்கும் வாரத்தில், மருந்து போட மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தேன். போட்டிருக்க வேண்டிய அளவைப் பழுப்புப் போத்தலிலிருந்து அளந்து எடுத்து, தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டேன். போத்தலில் மருந்தின் மட்டம் சரியாக இருந்தது. நோட்டில் 'சேர்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அதுதான் முப்பத்தொன்று.

மறுபடி செய்யுங்கள்

பச்சையைப் பார்த்த அன்றே டாக்டர் கோலாலம்பூருக்குத் தொலைபேசியில் பேசினார். அடுத்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து 'துவான்' என்று நாங்கள் கூப்பிடும் பெரிய ஐயா வந்துவிட்டார். ஆராய்ச்சிக்கெல்லாம் பெரியவர். உயரமான, அதிகம் பேசாத மலாய்க்காரர். ஒன்பது போத்தல்களையும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பாகுஸ்" என்றார். நல்லது. அப்புறம் ஒரே வரி: "மறுபடி செய்யுங்கள். பிறகு நம்புகிறேன்."

டாக்டர் நோட்டைப் பிரித்து, முப்பத்தொன்றாம் தட்டுக்கு என்னென்ன எழுதியிருந்ததோ அதையெல்லாம் எழுத்துப் பிசகாமல் செய்யச் சொன்னார். நான் செய்தேன். மருந்தையும் போட்டேன். நோட்டில் அப்படித்தானே இருந்தது? ஐந்து தட்டு போட்டோம். வாரங்கள் போயின. வடகம், சவ்வரிசி, வடகம்.

டாக்டர் இளைக்க ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாட்டைப் பிரிக்காமலே திரும்பக் கொண்டுபோவார். எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டே நடப்பார். ஒருநாள் போத்தலோடு பேசிக்கொண்டிருந்தார். "ஒருமுறை செஞ்சீங்கதானே? என்ன குறை வச்சேன்?"

மரியாதையாகத்தான் பேசினார். என்னால் அதைக் கேட்க முடியவில்லை.

மறுநாள் பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். உள்ளே நுழைந்ததும் முதலில் மாரி அக்காவை ஓரமாக இழுத்துச் சொன்னேன்.

"அக்கா, முப்பத்தொண்ணுல நான் மருந்தே போடலை. மறந்துட்டேன். டாக்டர்கிட்ட சொல்லப்போறேன்."

அக்கா என் வாயைப் பொத்தினார். "சொல்லாத சரசு. நீ சொன்னா நானும் சொல்லணும்!"

"நீங்க என்ன சொல்லணும்?"

அக்கா இரண்டு பக்கமும் பார்த்தார். விஷயம் இதுதான். கட்டியை நறுக்கி வைத்த போத்தல்களை இருட்டறையில் அடுக்குவது அவர் வேலை. அன்றைக்கு இருட்டறையில் அடி அடுக்கு மட்டும்தான் காலி. உட்கார்ந்து எழ வேண்டும். உள்ளே ஏர்கோன் குளிர் வேறு, முட்டியில் குத்தியது. இரண்டு நாளைக்கு என்று தட்டைப் பின்கட்டு ஜன்னல் பலகையில், கோப்பித் தூள் டின்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். வைத்தவர் மறந்துவிட்டார். வெயில் படும் ஜன்னல். நாலு வாரம் கழித்து டாக்டர் தட்டுகளைப் பார்க்கப்போகிறார் என்று தெரிந்த அன்று, அவசரமாக எடுத்து இருட்டறைக்குள் செருகிவிட்டார்.

"இருட்டுல வளர வேண்டியதை வெயில்ல போட்டுட்டேன்டி. தெரிஞ்சா என்னைத் தீம்பாருக்குத்தான் அனுப்புவாரு. இந்த முட்டியோட எப்படிலா?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது, வாசலில் காதர் அண்ணனின் வேன் வந்து நின்றது.

காதர் அண்ணன் உட்கார்ந்தார்

காதர் அண்ணனுக்குச் சுங்கைப்பட்டாணியில் சாப்பாட்டுக்கடை. எங்கள் கலவைக்கு வேண்டிய இளநீரை வாராவாரம் கேனில் கொண்டுவந்து தருவார். டாக்டருக்கு வயிற்றுப்புண், அதற்குத்தான் இவ்வளவு இளநீர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். செடிக்கு என்று தெரிந்தபோது கொஞ்சம் வருத்தப்பட்டார்.

எங்கள் முகத்தைப் பார்த்ததும், "என்ன தங்கச்சி, யாருக்காச்சும் உடம்பு முடியலையா?" என்றார். மாரி அக்காவால் ரகசியத்தை வைத்திருக்க முடியாது என்று முன்பே ஜாடையாகச் சொன்னேன் அல்லவா? எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். காதர் அண்ணன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"யா அல்லா. அது என்ன மாசம்? மழை மாசமா?"

"ஆமா."

"அப்ப இளநீர் கெடைக்கலை தங்கச்சி. கடையில கறிக்குத் தேங்காய் உடைச்ச தண்ணியைத்தான் வடிகட்டிக் கொண்டாந்தேன். செடிதானே, அதுக்கு என்ன தெரியும்னு நெனைச்சேன்."

அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். மூன்று பேரும் எழுந்து நின்றோம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வந்த மாதிரி.

நான்தான் ஆரம்பித்தேன். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. பழுப்புப் போத்தல், வால்வு, தொட்டி என்று முன்னும் பின்னுமாக உளறினேன். நான் முடிப்பதற்குள் அக்கா ஜன்னலைச் சொன்னார். அக்கா முடிப்பதற்குள் காதர் அண்ணன் தேங்காயைச் சொன்னார்.

டாக்டர் எதிரில் இருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மிஸ் மாரியம்மா, தட்டு இருட்டறையில் இல்லைன்னு எனக்கு ஏன் தெரியலை, நீங்க யோசிக்கலையா? வாரா வாரம் நான் பார்த்து எழுதணுமே?"

அக்கா யோசித்தார். "ஆமா சார். ஏன் தெரியலை?"

"நான் பார்க்கலை. அந்த மாசம் முழுக்க வெள்ளிக்கிழமை மத்தியானமே அலோர் ஸ்டாருக்குக் கிளம்பிட்டேன். 'இருட்டறை சரி, வெப்பம் சரி, மாற்றம் இல்லை'ன்னு நாலு வாரத்துக்கும் ஒரே நாளில் எழுதி வச்சுட்டேன்." குரல் மிகவும் தணிந்தது. "வீட்டில் பொண்ணு பார்க்கக் கூப்பிட்டாங்க."

பின்னால் பிரஷர் பானை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

மாரி அக்காவுக்குத் தீம்பார் மறந்துவிட்டது, முட்டி மறந்துவிட்டது. முன்னால் நகர்ந்து வந்து கேட்டார்:

"பொண்ணு எப்படி சார்?"

டாக்டர் தலையைத் தூக்கினார். எங்களோடு அவர் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் சிரிக்க, காதர் அண்ணன் சிரிக்க, எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கல் பிடித்துக்கொண்டது. காதர் அண்ணன் கேனைத் திறந்து எனக்கு இளநீர் கொடுத்தார். அன்றைக்கு நிஜ இளநீர்.

"ரெண்டு பொண்ணு" என்றார் டாக்டர் கடைசியில். "நான் கட்டியைப் பற்றியே பேசினேனாம். வேண்டாம்னுட்டாங்க. ரெண்டு பேரும்."

தப்புகளை வரிசையாகச் செய்தோம்

மறுநாள் டாக்டர் சுவரில் பெரிய தாள் ஒன்றை ஒட்டினார். முகம் தெளிந்திருந்தது. முதல் வரிசை: தப்பே இல்லாத போத்தல்கள். இரண்டாவது: சரஸ்வதியின் தப்பு மட்டும். மூன்றாவது: மாரியம்மாவின் தப்பு மட்டும். நான்காவது: காதரின் தப்பு மட்டும். அப்புறம் இரண்டு இரண்டாகச் சேர்த்து. கடைசியில் எல்லாத் தப்பும் ஒன்றாக.

"உங்க தப்பு?" என்று யாரும் கேட்காமலே அவரே சொன்னார்: "அதை இனிமேல் செய்யக்கூடாது. இந்த முறை தினமும் பார்க்கிறேன்."

தினமும் பார்த்தார். காதர் அண்ணனும் பார்த்தார். தன் பேர் எழுதிய போத்தல்களை, ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்க வருகிற மாதிரி வாரா வாரம் வந்து பார்த்தார். வெறுங்கையோடு வர மாட்டார். மீன் கறி, அவித்த முட்டை, தஞ்சோங் டாவாயிலிருந்து வந்த கருவாட்டில் ஒரு சம்பல். டாக்டர் மறுபடி மத்தியானத்தில் சாப்பிட ஆரம்பித்தார்.

நான் மட்டும் நிம்மதியாக இல்லை. ஒருவேளை எதிலும் ஒன்றும் வராவிட்டால்? ஆண்டு முடிய அதிக நாள் இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தேன். வேண்டுமென்றே மருந்து போடாமல் விடுவது, மறந்து விடுவதைவிடக் கஷ்டமான வேலை.

முதலில் பதில் சொன்னது என் போத்தல்கள். மருந்து இல்லாத கலவையில், கட்டியின் மேல் முத்து முத்தாக வெள்ளை மணிகள் தோன்றின. கட்டி ஒழுங்குக்கு வருகிறது என்றார் டாக்டர். ஆனால் இருட்டில் அவை முத்தாகவே நின்றன. அக்காவின் தப்பு மட்டும் இருந்த போத்தல்களில் வெயில் பட்டு வடகம் கருகியது, அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்த வரிசையில் முத்து வந்து, முத்தின் தலையில் பச்சை வந்தது. ஒன்றிரண்டில் அல்ல, பாதிக்கு மேல்.

மருந்து கட்டியை வளர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. உருவம் எடுக்க விடவில்லை. அதை நிறுத்தியதும்தான் செல்லுக்குத் தன் வேலை ஞாபகம் வந்தது. வெளிச்சம் பட்டதும் இலை விட்டது. டாக்டர் இப்படித்தான் விளக்கினார். மாரி அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து பெத்த பிள்ளைடி" என்றார்.

காதர் அண்ணன் தன் வரிசையைப் பார்த்தார். அதில் இரண்டு போத்தலில் பூசணம். மற்றவை வெறும் வடகம். எல்லாத் தப்பும் சேர்ந்த வரிசையிலும், தேங்காய்த் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டது.

"அப்ப எனக்கு இதுல ஒரு பங்கும் இல்லையா சார்?"

"நீங்க கெடுக்கலை, அண்ணன்" என்றார் டாக்டர்.

"அது போதாதே சார்" என்றார் காதர் அண்ணன். உண்மையாகவே மனம் நொந்து போனார். அடுத்த வாரம் மீன் கறி வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தது.

துவான் கேட்ட கேள்வி

அறிக்கை எழுதும் நேரம் வந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"வளர்ச்சி மருந்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தோம்னு எழுதலாம். யாருக்கும் தெரியாது. ஆனா ஒருமுறை பார்க்காததைப் பார்த்ததா எழுதி நான் பட்டது போதும். நடந்ததை நடந்தபடி சொன்னா, உங்க மேல நடவடிக்கை எடுக்கலாம். உங்களைக் கேட்காமல் செய்ய மாட்டேன், மிஸ் சரஸ்வதி."

எட்டு மாதம் நான் காயப்படுத்திய மரங்களெல்லாம் கண்முன் வந்தன. "எழுதுங்க சார்" என்றேன். தைரியத்தால் அல்ல. மறுபடி ஒளித்து வைத்தால் மறுபடி ஒத்திகை பார்க்க வேண்டுமே என்ற களைப்பு.

துவான் வந்தார். அறிக்கையை நின்றபடியே படித்தார். பச்சை வரிசைகளைப் பார்த்தார். ஒரு செடியில் நூல் மாதிரி வேரும் இறங்கியிருந்தது. அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு மலாயில் கேட்டார்: "மறந்தது யார்?"

நான் முன்னால் வந்து நின்றேன். கூடவே மாரி அக்காவும் நொண்டிக்கொண்டு வந்து நின்றார். அன்று வேலையே இல்லாமல் வந்திருந்த காதர் அண்ணனும் பின்னால் வந்து நின்றார்.

துவான் எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தார்.

"மறந்ததை மறைத்தது குற்றம்" என்றார் என்னிடம். "அதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். ஃபைலில் இருக்கும்."

"சரி, துவான்."

"மறந்தது வேறு விஷயம்." அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இன்னும் மூன்று வருஷம் கூடத்தை நடத்துங்கள்."

காருக்குப் போகும் வழியில் அவர் சிரித்தாரா இல்லையா என்று எங்களுக்குள் இன்றுவரை தகராறு. சிரித்தார் என்பது காதர் அண்ணன் கட்சி.

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டு பக்கம், முத்திரையோடு. டாக்டர் அதை என்னிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கி, ஃபைலில் வைத்துப் பூட்டினார். பிறகு பழுப்புப் போத்தலையும் மற்ற மருந்துப் போத்தல்களையும் என் மேசையில் வரிசையாக அடுக்கி, நோட்டின் புதுப் பக்கத்தைத் திறந்து, பேனாவை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சரஸ்வதி" என்றார். மிஸ்ஸை எங்கேயோ விட்டுவிட்டிருந்தார். "இந்த வாரம் எதை மறக்கலாம்?"